நம்பர் விற்ற காசு எங்கே போகிறது?

2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி மராட்டிய அரசு வெளியிட்ட பேன்சி நம்பர் அறிவிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கட்டணம் ஏறியதைப் பற்றியே பேசுகிறார்கள். நமக்கு அதில் வருத்தமில்லை. மும்பை, புனே போன்ற நகரங்களில் காருக்கு 0001 வேண்டுமென்றால் இனி 4 லட்சம் போதாது, 6 லட்சம் கட்ட வேண்டும். நடப்பு வரிசையில் அந்த எண் போய்விட்டது, வேறு வரிசையிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றால் மூன்று மடங்கு, 18 லட்சம். கட்டட்டும். ஒரு காரின் விலையை நான்கு இலக்கத்துக்குக் கொடுக்கத் துணிந்தவரிடம் அரசு கூச்சப்பட வேண்டியதில்லை. 2013க்குப் பிறகு இப்போதுதான் கையை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

எரிச்சல் வேறு இடத்தில். எண்ணை மனைவி, மகன், மகள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதுவரை யோசித்தவர்கள், வரும் பணத்தை இன்ன வேலைக்கு என்று ஒதுக்க யோசிக்கவில்லை. எல்லாம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சிறப்பு எண் பலகைக்குக் கூடுதலாகக் கட்டும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. நியூ ஜெர்சி இன்னும் எளிய வழி கண்டது. 1997 முதல் போக்குவரத்து அபராதத்தோடு 1 டாலர் சேர்த்து வாங்கி, அதில் காவலர்களுக்குக் கவச அங்கி மாற்றித் தருகிறது. வண்டி ஓட்டுகிறவன் காசு, சாலையில் நிற்கிறவன் மார்புக்கு. இதற்குப் பெரிய பொருளாதார அறிவு வேண்டியதில்லை.

கவச அங்கி என்ற சொல்லை மும்பையில் இருந்துகொண்டு சாதாரணமாகச் சொல்லிவிட முடியுமா? நாம் ஊருக்கு ரயில் ஏறும் அதே சி.எஸ்.டி. நிலையத்தில், 2008 நவம்பர் 26 இரவு, பயங்கரவாதிகளின் ஏ.கே.47க்கு எதிரே நம் காவலர்கள் லத்தியோடும் பழைய .303 துப்பாக்கியோடும் நின்றார்கள். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கிர்காம் சௌபாத்தியில் பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு செத்தார். அன்றிரவே கொல்லப்பட்ட பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே தலைக்கவசமும் அங்கியும் மாட்டிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பிறகு அந்த அங்கி எங்கே போனது என்று அவர் மனைவி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டி வந்தது. அங்கியைக் காணோம். அங்கிகள் வாங்கிய கோப்பையும் காணோம் என்றார்கள். கோப்பு பிற்பாடு கிடைத்தது. அங்கியோ மருத்துவமனைக் குப்பையோடு போய்விட்டதாம்.

இவ்வளவுக்கும் பிறகாவது பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தோம். சுமார் 17 கோடி ரூபாய்க்கு 5,000 அங்கிகள் கேட்டார்கள், 4,600 வந்தன. அவற்றில் 1,430 அங்கிகள் ஏ.கே.47 சோதனையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பிய செய்தி 2018இல் வெளிவந்தது. எந்தத் துப்பாக்கிக்காக வாங்கினார்களோ அந்தத் துப்பாக்கியின் குண்டே துளைத்துக்கொண்டு போனது. சோதித்துப் பார்த்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்தான். ஆனால் தாக்குதல் நடந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு இந்த நிலை. ஓர் அங்கி ஏறக்குறைய 34 ஆயிரம் ரூபாய். 18 லட்சத்துக்கு விற்கும் ஒரே ஒரு எண்ணில் ஐம்பதுக்கு மேல் வாங்கலாம். தலைமைச் செயலகமான மந்த்ராலயத்தில் இந்தக் கணக்கைப் போட ஒரு குமாஸ்தாகூடவா இல்லை?

இவர்கள் வேகம் நமக்குப் புதிதல்ல. தாக்குதலுக்குப் பிறகு நகரமெங்கும் கேமரா என்றார்கள். டெண்டர் மேல் டெண்டராக ரத்தாகி, வேலை முடிந்தது 2016இல். கடலிலும் கரையிலும் ஓடும் படகுகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். பராமரிக்க வழி செய்யாமல் அவை கரையிலேயே கிடந்தன. வாங்கும்போது படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வந்தார்கள், பழுதானபோது ஒருவரும் இல்லை.

ஒரு வருமானத்தை ஒரு செலவோடு முடிச்சுப் போட்டால் நிதித்துறைக்குக் கை கட்டிப்போகும் என்று பதில் வரும். வறட்சிக்கென்று 2015இல் பெட்ரோல் மேல் செஸ் போட்டபோது கை கட்டிப்போகவில்லையே! மழை பெய்த பிறகும் அந்தச் செஸ் நம்மை விடவில்லை. மக்களிடம் வாங்குவதற்கு ஒரு பெயர் சூட்டத் தெரிகிறது, வாங்கியதைக் கொடுக்கும்போதுதான் பெயர் மறந்துபோகிறது.

எண் விற்ற பணத்தில் ஒரு பங்காவது காவலர் பாதுகாப்புக்கு என்று எழுதிவைக்க வேண்டும். தனி நிதியாகவா, பட்ஜெட்டில் தனித் தலைப்பாகவா, வேறு வழியிலா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். அதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: திருப்பி அனுப்பிய 1,430 அங்கிகளுக்குப் பதிலாக வந்தவை எத்தனை, அவை இன்று யார் மார்பில் இருக்கின்றன?