காப்பீட்டு அலுவலகத்தில் எட்டு வாரம்



வணிகவியலும் மேலாண்மையும் பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை இப்போது ஓய்வுக் காலமாக இருப்பதில்லை. ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற்று, அதற்கான சான்றிதழையும் அறிக்கையையும் ஒப்படைக்க வேண்டும் எனப் பல கல்லூரிகள் விதித்துள்ளன. அத்தகைய பயிற்சிக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் இடம் கிடைத்துவிட்டால், மார்க்கப் பற்றுள்ள இல்லங்களில் உடனே ஒரு வினா எழுகிறது: "அங்கே போவது ஆகுமானதா?"

எம் மதரஸாவில் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர், பி.காம். இரண்டாம் ஆண்டை முடித்தவர், இவ்வினாவோடு வந்தார். எட்டு வாரப் பயிற்சியில் முதல் வாரம் முடிந்திருந்தது. "ஹஜ்ரத், அந்தப் பக்கமே போகாதே என்கிறார் பெரியவாப்பா. சொந்தக்காரர், ஜமாஅத்தார் என்று நூறு பேருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொண்டு வா என்கிறார் மேலாளர். பட்டியல் தராவிட்டால் சான்றிதழ் கிடைக்காதோ என்று அஞ்சுகிறேன். நான் என்ன செய்யட்டும்?" என்றார். தந்தையை இழந்த பிள்ளை. படிப்பில் ஓராண்டு பின்தங்கினால் தாங்காத குடும்பம்.

வாசகர்களே, இதில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. காப்பீடு பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. அங்கே பயிலச் சென்ற பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது மற்றொன்று.

முதல் வினா புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திமிஷ்கில் வாழ்ந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், வணிகர்கள் தம் கப்பல் சரக்குக்காகக் கட்டிவந்த காப்புத் தொகையைப் பற்றி ஆராய்ந்து, அதன் வழியே இழப்பீடு பெறுவது கூடாது என எழுதினார்கள். பிற்கால அறிஞர்களுள் பெரும்பாலோர் மூன்று காரணங்களைக் கூறி வணிகக் காப்பீட்டை மறுக்கின்றனர். கட்டிய பணத்துக்கு எது, எப்போது, எவ்வளவு கிடைக்கும் என்பது தெளிவற்றிருப்பது ஒன்று. சிறு தொகை கட்டிப் பெருந்தொகை பெறும் சூதின் சாயல் மற்றொன்று. திரட்டிய நிதியை வட்டியில் இடுவது மூன்றாவது. இஸ்லாமிய நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹு அகாடமி 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடி, நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்பீடு ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் முடிவு செய்தது. சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா (1904-1999) போன்ற பேரறிஞர் சிலர், வட்டி கலவாத நிலையில் காப்பீடு என்னும் ஒப்பந்த முறையே ஆகும் எனக் கருதியதும் உண்மை.

மறுத்தவர்கள் வழியடைத்துவிட்டுப் போகவில்லை. பயணத்திலோ ஊரிலோ உணவு குறைந்தால், உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பகிர்ந்துகொண்ட அஷ்அரி கோத்திரத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. அந்த நெறியில் எழுந்ததே தகாஃபுல். சூடானில் 1979இல் அத்தகைய நிறுவனம் தோன்றியது. மலேசியா 1984இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

நம் நாட்டு நிலையையும் நோக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபருக்கான காப்பீடு இன்றிப் பொதுச் சாலையில் வண்டி ஓட்ட இயலாது. சட்டம் கட்டாயப்படுத்துவதை மனிதன் தானே விரும்பித் தேடுவதோடு ஒன்றாக வைத்து எண்ணலாகாது என உலமாக்கள் விளக்கியுள்ளனர். ஆகவே பெரியவாப்பாவின் கவலை அடிப்படையற்றதன்று. ஆயினும் ஒரு தொழில் எவ்வாறு நடக்கிறது என அறிந்துகொள்வது வேறு. அதைப் பரப்புவதையே தொழிலாகக் கொள்வது வேறு. நாளை நம்மிடையே தகாஃபுல் நிறுவனம் காண விரும்பினால், கணக்கும் சட்டமும் அறிந்தவர்கள் வேண்டாமா? அவர்கள் எங்கே கற்பார்கள்?

இரண்டாம் வினாவுக்கு நாட்டுச் சட்டமே பாதி விடை சொல்கிறது. உரிய தேர்வில் தேறி, நிறுவனத்தால் முறைப்படி முகவராக நியமிக்கப்படாதவர் பாலிசி விற்கச் சட்டம் இடம் தரவில்லை. எட்டு வாரம் பயில வந்த மாணவரை உறவினர் வீடுகளுக்கு அனுப்பி விற்கச் செய்வது பயிற்சி ஆகாது. மறுக்க இயலாத மாமியும் சாச்சாவும் முகத்துக்காகக் கையெழுத்திடுவர். இரண்டு தவணைக்குப் பின் கட்ட இயலாமல் பாலிசி காலாவதியாகும். பணமும் போய், உறவும் கசக்கும். பிள்ளை கல்லூரிக்குத் திரும்பிவிடுவான். கசப்பு ஊரில் தங்கிவிடும். பிறருடைய தொலைபேசி எண் நம்மிடம் இருப்பது அமானிதம். அவர்களைக் கேளாமல் அதை எடுத்துக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

இவற்றையெல்லாம் சொல்லி அம்மாணவருக்கு நான் கூறியது இவ்வளவே: "பட்டியல் தராதே. பணிவாக, காரணத்தோடு சொல். இழப்பீட்டுப் பிரிவில் கோப்புகளைப் படிக்க அனுமதி கேள். மறுத்தால் கல்லூரிப் பேராசிரியரிடம் சொல்லி வேறு இடம் தேடு. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், மேலாளர் அல்லர்."

மேலாளர் முகம் சுளித்தார், ஆனால் அனுமதித்தார். எஞ்சிய ஏழு வாரங்களில் அம்மாணவர் கண்டவற்றுள் ஒன்றை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். கணவரை இழந்த பெண்ணொருத்தியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. பாலிசி எடுத்து ஓராண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. கணவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். முன்மொழிவுப் படிவத்திலோ, நோய் ஏதும் இல்லை என்றிருந்தது. படிவத்தை நிரப்பியவர் முகவர். கையெழுத்து மட்டும் கணவருடையது. "அதையெல்லாம் எழுதினால் பிரீமியம் கூடும்" என்று முகவர் சொன்னாராம்.

ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டுகள் நிறைந்த பின் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க இயலாது எனக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டுள்ளது. அதற்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் துருவி ஆராயும். மறைக்கப்பட்ட ஒரு வரி, யாருக்காகப் பணம் கட்டப்பட்டதோ அவர்களையே கைவிட்டுவிடுகிறது. நனைந்த தானியத்தைக் குவியலுக்கடியில் மறைத்து வைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். படிவத்தில் நோயை மறைப்பதும் அக்குவியலின் இனமே அன்றோ!

இப்போது உங்களுக்குச் சில சொற்கள். இல்லத்தில் ஏற்கெனவே பாலிசி இருக்குமானால், அதன் தாள்கள் எங்கே உள்ளன என்பதை மனைவி மக்கள் அறிந்திருக்கட்டும். நிரப்பாத படிவத்தில் எவர் சொன்னாலும் கையெழுத்திடாதீர்கள். நாமினியின் கைக்குத் தொகை வந்துவிட்டது என்பதனால், வாரிசுரிமைப் பங்கு பற்றி ஆலிம்களிடம் கேட்டறியும் பொறுப்பு நீங்கிவிடாது. கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அவ்வலுவலகம் உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று. காப்பீடு கூடாது என்று மிம்பரில் சொல்வது எளிது. குடும்பத் தலைவர் மறைந்த வீட்டில், இத்தா முடிவதற்குள் அரிசிப் பானை காலியாகும்போது அந்தச் சொல்லுக்கு நாம் என்ன ஈடு வைத்திருக்கிறோம்? மஹல்லாவின் பைத்துல்மால், ரமளானில் மட்டும் திறக்கும் பெட்டியாக இருந்தால் போதுமா? மாதந்தோறும் வீட்டுக்கு ஒரு சிறு தொகை திரட்டி, விதவைக்கும் அநாதைக்கும் நிலையான உதவி வழங்கலாமே. அதற்குக் கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம் ஊர்க் கல்லூரிகளில் இருக்கின்றனர்.

அம்மாணவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. மற்ற மாணவர்களுக்கு எழுதப்பட்ட பாராட்டு வரி மட்டும் அதில் இல்லை. அதைப் பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. வெள்ளிதோறும் அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, படிவம் கொண்டு வருவோருக்குப் படித்துச் சொல்லி வருகிறார். பெரியவாப்பாவும் தம் வண்டிக் காப்பீட்டுத் தாளைக் கொடுத்து, காலக்கெடு என்றைக்கு எனக் கேட்டுச் சென்றாராம்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தூய்மையான சம்பாத்தியத்தையும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.