அட்டையில் மூன்று பாக்கி

இந்தப் பகுதியில் வழக்கமாக பஸ், பாஸ், பட்ஜெட் என்று எதையாவது எழுதிப் பிழைத்துக் கொண்டிருப்பேன். இந்த வாரம் கொஞ்சம் கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டிய சமாசாரம். பயப்படாதீர்கள், தாழ்ப்பாள் போட மாட்டேன்.

போன புதன்கிழமை மத்தியானம். டிபன் பாக்ஸைத் திறந்து இன்றைக்கும் தயிர்சாதம்தானா என்று பார்ப்பதற்குள், பக்கத்து ஸீட் தம்பி நாற்காலியை இழுத்துக் கொண்டு வந்து உட்கார்ந்தான். தை மாசம் கல்யாணமான பையன். நாலு பக்கமும் பார்த்தான். பி.எஃப். லோனுக்கு ஜாமீன் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"சார், ஒரு சந்தேகம். வீட்ல... நாங்க மாத்திரையில இருக்கோம்."

"இந்த வயசுலயா? பிரஷரா, சுகரா?"

"ஐயோ, அது இல்ல சார். அதான்... குழந்தை இப்ப வேணாம்னு."

"ஓ! நீயும் சாப்பிடறியா?"

"நான் எதுக்கு சார்? அவதான்."

"அப்புறம் என்ன 'நாங்க'?"

தம்பி முழித்தான். பிறகு விஷயத்தைச் சொன்னான். சனி, ஞாயிறு மச்சினி நிச்சயதார்த்தம். இரண்டு நாள் மாத்திரை மறந்துவிட்டது. அட்டையில் பாதிதான் முடிந்திருக்கிறது. திங்கள்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம்.

"ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

தயிர்சாதம் எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. காரணம், அந்த 'ஒண்ணும் ஆகாது' இப்போது எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கிறது.

*

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். என் சகதர்மிணி சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் முதல் கட்டம் பாஸ் பண்ணி, அடுத்த கட்டத்துக்கு விழுந்து விழுந்து படித்துக் கொண்டிருந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, அரசியலமைப்புச் சட்டத்தைத் திறப்பாள். நான் ஏழு மணிக்கு எழுந்து காபி எங்கே என்பேன்.

பரீட்சை முடியும் வரை குழந்தை வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். முடிவெடுத்தது இரண்டு பேர், மாத்திரை சாப்பிட்டது ஒருத்தி. அதுவும் ரகசியமாக. அட்டை இருந்த இடம் பீரோவில் கூறைப்புடவை மடிப்பு, அந்துருண்டைக்குப் பக்கத்தில். எங்கம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதே! கல்யாணமான மூணாம் மாசத்திலிருந்து, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று தினமும் விசாரித்த ஜீவன் அது.

குலதெய்வம் கோயில் கொடை வந்தது. மூன்று நாள் கிராமம். ஒரே கூடத்தில் பதினெட்டுப் பேர் படுக்கை. அந்தக் கூட்டத்தில் அட்டையை எப்படிப் பிரிப்பது என்று பீரோவிலேயே விட்டுவிட்டாள். "எடுத்துக்கிட்டியா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம், "என் செல்போன் சார்ஜரை எடுத்து வெச்சியா?"

திரும்பி வந்த ராத்திரி, "ஏங்க, மூணு நாள் விட்டுப்போச்சு. பயமா இருக்கு" என்றாள்.

நான் அப்போது ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொன்னேன்: "இத்தனை மாசமா சாப்பிட்டிருக்கியே, உடம்புல ஸ்டாக் இருக்கும். ஒண்ணும் ஆகாது."

அடுத்த மாசம் நாள் தள்ளிப் போயிற்று. ஐந்து நாள், எட்டு நாள், பதினோரு நாள். அவள் காலண்டரைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்க்காமல் பேப்பரைப் பார்ப்பேன். கடைசியில் மெடிக்கல் ஷாப்பிலிருந்து பரிசோதனைப் பட்டை வாங்கி வந்தாள். அதையும் அவளேதான் போய் வாங்கினாள். இரண்டு கோடு!

*

லேடி டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டார்.

"எந்த வாரத்தில விட்டே?"

"புது அட்டை ஆரம்பிச்சு ரெண்டாம் நாளுக்கு அப்புறம், டாக்டர்."

டாக்டர் நெற்றியைத் தடவிக் கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?" என்றார். சொன்னேன்.

"அப்ப உங்க பாஷையிலேயே சொல்றேன். அட்டையில 28 மாத்திரை. 21-லதான் ஹார்மோன். மிச்சம் 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாள் ஹார்மோனுக்கு கேஷுவல் லீவ். சினைப்பை தூக்கத்திலயே இருக்கும், தாங்கும். லீவ் முடிஞ்சு ரெண்டே நாள் டியூட்டி பார்த்துட்டு, உடனே இன்னும் மூணு நாள் லீவ் போட்டா? கரு முட்டை எழுந்து ஆபீஸுக்கு வந்துடும். உடம்புல ஸ்டாக்கெல்லாம் கிடையாது சார். அன்னிக்குள்ளது அன்னிக்கு."

'ஸ்டாக்' என்ற வார்த்தையை நான் அங்கே சொல்லவே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"சரி, மறந்தாச்சு. மனுஷங்கதானே! ஆனா மறந்தப்புறம் ஏழு நாள் ஆணுறை போட்டிருக்கணும். அவ ஞாபகமா மாத்திரை சாப்பிடணும், அது அவ டிபார்ட்மென்ட். அந்த ஏழு நாள் யார் டிபார்ட்மென்ட்?"

நான் தலை குனிந்து செருப்பைப் பார்த்துக் கொண்டிருந்தேன். வார் அறுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி யோசித்தோம். வைத்துக் கொள்ளலாம் என்று அவள்தான் முடிவு சொன்னாள். பரீட்சைத் தேதி வந்தபோது அவளுக்கு ஒன்பதாம் மாசம். ஹால் டிக்கெட் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது, அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவை, இடுப்பில் குழந்தையோடு படித்து எழுதினாள். நாலு மார்க்கில் போயிற்று. அப்புறம் வயசு வரம்பு, வீட்டு வேலை, ஸ்கூல் வேன் என்று அந்தப் புத்தகங்கள் பரணுக்குப் போய்விட்டன.

பெண் எங்கள் கண்மணி. அவள் சிரித்தால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். எனக்கு மறந்துவிடும் என்பதுதான் விஷயம். ஒரு தடவைகூட அவள் என்னைக் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் தேவலை.

*

அதற்குப் பிறகு நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் படித்தேன். பரீட்சை முடிந்த பிறகு படிக்கிற ஜாதி நான்!

அமெரிக்காவில் கருத்தடைக்கென்று மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது 1960-ல். கிரிகரி பிங்கஸ், ஜான் ராக் என்ற இரண்டு ஆண்கள் முன்னே நின்று ஆராய்ந்தார்கள். மார்கரெட் ஸாங்கர், காத்தரின் மெக்கார்மிக் என்ற இரண்டு பெண்மணிகள் பின்னால் நின்று விரட்டினார்கள். மெக்கார்மிக் தன் சொத்திலிருந்து பணமும் கொடுத்தார். நம் ஊரில் 1968-ல் நிரோத் வந்தது, மூன்று 15 பைசா. லக்னோவில் இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஹார்மோனே இல்லாத 'சஹேலி'யைக் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாசம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அதுவே 'சாயா' என்ற பெயரில் அரசுத் திட்டத்திலும் கிடைக்கிறது. தினசரி மாத்திரையான மாலா-என் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

மாத்திரை நல்ல மாத்திரைதான். ஒரு நாள் விடாமல் சரியாகச் சாப்பிட்டால் வருஷத்தில் 1,000 பெண்களுக்கு 3 பேர்தான் கர்ப்பமாகிறார்கள். நம்மைப் போன்ற மறதி மன்னர்கள் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டால் 100-க்கு 7 பேர். இடையில் இருப்பது மாத்திரையின் குற்றமில்லை. கொடை, கல்யாணம், நிச்சயதார்த்தம், மாமியார்!

ஆணுறை மட்டும் என்றால், சாதாரணமாக உபயோகிக்கிற விதத்தில் 100-க்கு 13. அதனால் ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்ற சண்டையே வேண்டாம். ஸ்கூட்டருக்கு ஸ்டெப்னி மாதிரி. பஞ்சர் ஆகும்போது இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கொண்ட பெண்கள் 37.9 சதவீதம். ஆண்கள் தரப்பில் 0.3 சதவீதம். மீசை வளர்க்கிற விஷயத்தில்தான் நாம் சிங்கம்.

*

தம்பிக்கு டிபன் பாக்ஸ் மூடியின் மேல் விரலால் எழுதிக் காட்டினேன். உங்களுக்கும் உபயோகப்படும்.

ஒரு மாத்திரை மறந்தால், ஞாபகம் வந்ததும் உடனே சாப்பிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து விட்டால், கடைசியாக விட்டதை உடனே சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் தொடர வேண்டும். ஏழு நாள் விடாமல் ஹார்மோன் மாத்திரை உள்ளே போகிற வரைக்கும் ஆணுறை அல்லது பிரம்மச்சரியம். மூன்றாவது வாரத்தில் விட்டிருந்தால், இரும்புச்சத்து மாத்திரையைத் தள்ளிவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போக வேண்டும். எங்களைப் போல முதல் வாரத்தில் விட்டு, நடுவில் 'விசேஷமும்' நடந்திருந்தால், ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் ஓட வேண்டும். அவசர மாத்திரை, காப்பர்-டி என்று வழி இருக்கிறது. சீக்கிரம் போகப் போக நல்லது.

மாத்திரை சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலும் விட்ட கணக்குதான். கொடைக்கானல் பஸ்ஸில் போகிற புது ஜோடிகள் கவனிக்கவும். இரண்டு நாளைக்கு மேல் கடும் வாந்தி, பேதி என்றாலும் அதே ஏழு நாள் சட்டம். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிஸின், வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், கார்பமசெபின் எல்லாம் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். யார் மருந்து எழுதினாலும் 'இதையும் சாப்பிடறேன்' என்று சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தம், இரத்தக் கட்டி, கண்ணில் மின்னலடிக்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. எய்ட்ஸ் கிருமியை மாத்திரை தடுக்காது, உறைதான் தடுக்கும்.

"உறை இருக்கு சார், ஒண்ணு பர்ஸ்லயே வெச்சிருக்கேன்" என்றான் தம்பி பெருமையாக.

"எத்தனை நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஃப்ரெண்ட்ஸ் கிண்டலுக்குக் கொடுத்தது."

"அடப்பாவி! பின் பாக்கெட் பர்ஸ்ல வெச்சு தினம் எட்டு மணி நேரம் அது மேல உட்கார்ந்திருக்கே. சூட்டுல ரப்பர் செத்துப் போயிருக்கும். தூக்கிப் போடு. புதுசு வாங்கு. தேதி பார்த்து வாங்கு."

சாயங்காலம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். மறுநாள் அவன் மேஜையில் பார்த்தேன். இருமல் மிட்டாய் ஒரு டஜன், தலைவலித் தைலம், பஞ்சு, ஒரு பற்பசை. கவுன்ட்டரில் பொண்ணு இருந்ததாம்.

"அப்ப வாங்கலையா?"

"வாங்கிட்டேன் சார். மூணாவது தடவை போனப்ப அந்தப் பொண்ணே, 'வேற என்ன சார் வேணும்?'னு கேட்டுச்சு. சொல்லிட்டேன். பேப்பர்ல சுத்திக் கொடுத்துச்சு. அவ்வளவுதான்."

அப்போது அவன் செல்போனில் அலாரம் அடித்தது. பகல் ஒன்றரை. எதற்கு என்று பார்த்தேன். கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"அவளும் இதே டயத்துக்கு வெச்சிருக்கா. சாப்பிட்டதும் எனக்கு மெசேஜ் அனுப்பிடுவா. வரலைன்னா நான் போன் பண்ணுவேன்." போனைப் பார்த்தான். வந்திருந்தது. முகம் மலர்ந்தது. "சாப்பிட்டாச்சு சார். நாங்க இப்போ மாத்திரையில கரெக்டா இருக்கோம்."

இந்தத் தடவை, 'என்ன நாங்க?' என்று நான் கேட்கவில்லை.