சோப்புக் கட்டியில் ஒரு மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு களவு நடந்தது. குளியலறை மாடத்தில் வைத்திருந்த நீளப் பார் சோப்பு ஒன்றைக் காணோம். கடிகாரம் இருக்கிறது, என் பேனா இருக்கிறது, வெள்ளிக் கும்பா இருக்கிறது. சோப்பு மாத்திரம் போய்விட்டது. சுத்தத்தில் இவ்வளவு ஆசை வைத்த திருடன் யாராக இருக்கும் என்று நான் கேட்டதை வீட்டிலுள்ளவள் ரசிக்கவில்லை. திருடன் அகப்பட்ட விதத்தைக் கடைசியில் சொல்கிறேன், வாசகர்களே! முதலில் பூர்வ கதையைக் கேளுங்கள். குற்றத்துக்கு மூல காரணம் அடியேன்தான்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் எனக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். பெட்டியின் மேலே பளபளக்கும் அமெரிக்க மோட்டாரின் படம். உள்ளே மோட்டாரும் இல்லை, பளபளப்பும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்கள். மாங்கிளையில் வடு தொங்குகிற மாதிரி அந்தச் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு நூற்றுச் சொச்சம் துண்டுகள். அவற்றை நறுக்கி எடுத்து, அரத்தால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசினால் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அசல் கார் வந்துவிடும் என்பது ஏற்பாடு. அசல் கார் ஐந்து மீட்டர் என்றால் இது இருபது சென்டிமீட்டர்.

கேட்பதற்கு வெகு சுலபமாயிருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்தத் தொழிலில் முதல் பாடம், எல்லாவற்றையும் இருபத்தைந்தால் பெருக்கிப் பார்ப்பது. வர்ணம் காய்வதற்குள் உங்கள் தலைமயிர் ஒன்று பானெட்டின் மேல் விழுந்துவிட்டால், ஒரு மயிர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அசல் காரின் மேல் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி கிடந்து, அதன் மேலேயே வர்ணம் பூசிய கதை அது. வர்ணத்தைக் கொஞ்சம் தாராளமாக அடித்தால் கதவின் கோடுகளெல்லாம் மூடிப்போய், மெழுகில் முக்கி எடுத்த கார் ஆகிவிடும். ஆகையால் தேர்ந்தவர்கள் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலம்பி, அச்சின் எண்ணெய்ப் பசை போன பிறகு, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்கிறார்கள். நடு நடுவே நைஸான உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இது லாயக்கில்லாத வேலை. பொறுமை இல்லாதவர் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிளாஸ்டிக் கார்களுக்கென்று தனிப் பசை உண்டு. அது ஒட்டுவதில்லை, இளக்குகிறது. இரண்டு துண்டுகளின் ஓரமும் இளகி ஒன்றோடொன்று கலந்து ஒரே துண்டாகி விடுகின்றன. நான் அதை விட்டுவிட்டு, எல்லார் வீட்டிலும் இருக்கிற அந்த ஒரு நொடிப் பசையை முன் கண்ணாடிக்குப் போட்டேன். அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி கண்ணாடிப் பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. மறு நாள் காலையில் பார்த்தால் காருக்குக் கண்புரை விழுந்திருந்தது.

பக்கத்திலே உட்கார்ந்திருந்த எங்கள் சிறுமி, நாலாம் வகுப்பு படிக்கிறவள், "மூடுபனியில் போகிற கார் என்று சொல்லிவிடுங்கள், அப்பா" என்றாள். அன்று முதல் பெட்டி அவள் வசம் போய்விட்டது.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950-களில் அமெரிக்காவில் புது மோட்டார் விற்கும் கடைகளில், அந்த வருஷத்துக் காரையே சிறியதாக அச்சில் வார்த்து, அசல் வர்ணத்தையே பூசி வைத்திருப்பார்கள். அப்பா அம்மா பெரிய காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பையனுக்குச் சின்னக் கார் இனாம். பையன் கையில் கார் ஏறிவிட்டால் அப்பாவுக்கு அப்புறம் வீட்டில் நிம்மதி ஏது? நல்ல வியாபாரத் தந்திரம்தான். ஆனால் முதலில் உபயோகித்த அஸிடேட் பிளாஸ்டிக் வருஷம் ஆக ஆக அப்பளமாக வளைந்துவிட்டது. அந்த நாளைய கார்களில் நேராக நிற்கிறவற்றுக்குச் சேகரிப்பவர்களிடையே தனி மதிப்பு.

இப்படிச் சின்னக் கார்கள் செய்துகொண்டிருந்த ஏ.எம்.டி. என்ற கம்பெனி 1958-ல் ஒரு யுக்தி செய்தது. அதே காரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, கூடவே உபரித் துண்டுகளையும் போட்டு விற்றது. வாங்கினவன் அதைக் கடைக் காராகவும் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம், தன் மனம்போல் மாற்றிய காராகவும் கட்டலாம். ஒரு பெட்டி, மூன்று வழி. பையன்கள் மூன்றோடு நின்றார்களா? ஒரு பெட்டியின் எஞ்சினை இன்னொன்றில் மாட்டினார்கள். பட்டி வைத்துப் பின்பக்கத்தை நீட்டினார்கள். நம் ஒர்க்‌ஷாப்புகளில் டிங்கரிங், பட்டி பார்ப்பது என்று சொல்கிறோமே, அத்தனையும் மேஜையின் மேல் நடந்தது.

இதிலே ஒரு வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. காரின் கூரையைத் தாழ்த்துவது. கூரையைத் தாங்கும் தூண்களில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டுக் கூரையை இறக்கி வைக்க வேண்டும். அசல் காரில் பத்து சென்டிமீட்டர் அறுத்தால் பெட்டிக் காரில் நாலு மில்லிமீட்டர். அறுப்பது சுலபம். ஆனால் தூண்கள் நேராக நிற்பவை அல்ல. மேலே போகப் போக உள்ளே சாய்பவை. கீழே அகலம், மேலே குறுகல். கூரையை இறக்கியதும் முன் தூண் ஒரு பக்கம் நிற்கிறது, கூரையின் முனை இன்னொரு பக்கம் நிற்கிறது. கல்யாணப் பேச்சு முறிந்த இரண்டு சம்பந்திகளைப் போலே! இரண்டையும் சேர்க்கக் கூரையைக் குறுக்கே வெட்டி நீட்டுவார்கள், அல்லது தூண்களை இன்னும் சாய்ப்பார்கள். இதே சங்கடம் அசல் காரை வெட்டுகிறவனுக்கும் உண்டு, இதே பரிகாரந்தான். பத்து வயதுப் பையன் ஒருவன் இதைச் சமாளித்தானென்றால், பள்ளிக்கூடம் அவனுக்கு அப்புறம் கற்றுக்கொடுக்கப் போகிற க்ஷேத்திர கணிதத்தில் பாதி அப்போதே அவன் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்ற வெறி பெரியவர்களையும் விடுவதில்லை. ஜப்பானில் டாமியா என்ற கம்பெனி 1976-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு போர்ஷே கார் வெளியிட்டது. அதற்காகக் கம்பெனி முதலாளி ஒரு அசல் போர்ஷேயை விலைக்கு வாங்கி, திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்தார். கழற்றியாகிவிட்டது, திரும்பப் பூட்டத் தெரியவில்லை. போர்ஷே வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் பூட்டச் சொன்னார்களாம். எங்கள் வீட்டு ரேடியோவை நான் கழற்றிய கதையை நினைத்துக் கொண்டேன்; நான் யாரையும் கூப்பிடவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

இங்கிலாந்துக் கதை வேறு. அதைச் சிறுமிக்குச் சொன்னபோது அவள் கண் விரிந்தது. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு சிநேகிதர்கள் 1947-ல் லண்டனில் இரண்டு பேரின் பெயரையும் ஒட்டி 'லெஸ்னி' என்று ஒரு பட்டறை ஆரம்பித்தார்கள். அவர்களோடு சேர்ந்தவர் ஜாக் ஓடெல். அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம்: தீப்பெட்டிக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமான்தான் கொண்டு வரலாம். தகப்பனார் பித்தளையில் ரோட்டு ரோலர் ஒன்று செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வகுப்பில் மற்ற குழந்தைகள் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்தன. உலகம் பூராவும் ஓடின.

"அப்படியானால் அந்தக் கார்கள் ஒரு பெண்ணால்தான் வந்தன?" என்றாள் சிறுமி.

வாஸ்தவந்தான் என்றேன். அந்த உற்சாகத்திலே, வாசகர்களே, அடுத்த கதையையும் சொல்லித் தொலைத்தேன். அதுதான் வம்பாயிற்று.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பகுதி, ஃபிஷர் பாடி. காருக்கு மேல்கூடு கட்டுகிறவர்கள். நெப்போலியன் காலத்து ராஜ ரதம் ஒன்றின் படம் அவர்களுடைய முத்திரை. 1930-ல், ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்த பஞ்ச காலத்தில், அவர்கள் ஒரு கைவினைச் சங்கம் ஆரம்பித்தார்கள். சேருவதற்குக் காசு இல்லை. பையன்கள் அந்த ரதத்தைச் சின்னதாகச் செய்து அனுப்ப வேண்டும். கதவு திறக்க வேண்டும், உள்ளே மெத்தை தைத்திருக்க வேண்டும். கடையில் எதுவும் கிடைக்காது. மரம், உலோகம், துணி எல்லாம் அவனவன் கைவேலை. நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். பரிசு என்ன தெரியுமா? முதல் போட்டியில் ஜயித்த நால்வருக்கு ஆளுக்கு 5,000 டாலர் பெறுமான பல்கலைக்கழகப் படிப்பு! அந்த வருஷம் ஒரு புதுச் செவர்லே காரின் விலையே ஐந்நூறு அறுநூறு டாலர்தான். பையன் மரத்தில் சின்ன ரதம் செதுக்குகிறான். எட்டுக் கார் வாங்குகிற பணம் அவன் படிப்புக்கு வருகிறது.

1937 முதல் ரதத்தோடு மோட்டாரும் சேர்ந்தது. பார்த்துச் செய்கிற மோட்டார் அல்ல. நாளைக்கு வரப்போகிற கார் எப்படி இருக்கலாம் என்று பையனே யோசித்துச் செய்ய வேண்டும். அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. காகிதத்தில் வரைந்து, களிமண்ணில் பிடித்து, பிறகு மரத்திலோ பிளாஸ்டரிலோ செய்து, வர்ணம் பூசி, பெட்டிக்குள் பத்திரமாகக் கட்டி அனுப்ப வேண்டும். மாதக் கணக்கில் செய்தது வழியில் நொறுங்கிவிட்டால்? பையனின் கல்லூரிப் படிப்பு அந்தப் பெட்டியின் வைக்கோலில் இருக்கிறது பாருங்கள்! 1947-ல் பெரிய பையன்கள் பிரிவில் ஜயித்த சக் ஜோர்டன் என்ற மாணவன் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸிலேயே சேர்ந்து, 1986-ல் அந்தக் கம்பெனியின் கார்களுக்கெல்லாம் உருவம் வகுக்கும் இலாகாவின் தலைவரானார். அவரைப்போல் அந்த வழியில் வந்து மோட்டார் உருவம் வகுத்தவர்கள் பலர். சங்கம் 1968 வரை நடந்தது.

சிறுமி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "நான் அப்போது இருந்தால் எனக்கும் பெட்டி அனுப்பச் சொல்லியிருப்பார்களா?" என்றாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பத்திரிகைக்காரனுக்குச் சிரமமா? ஆனால் வாய் வரவில்லை. அந்தச் சங்கம் பையன்களுக்கு மாத்திரம். விதியே அப்படி.

"ஏன்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராயில்லை. அந்தக் காலம் அப்படி என்றேன். காலம் எப்படியம்மா விதி எழுதும், மனுஷர்கள்தானே எழுதினார்கள் என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் அவசரமாக, அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு 2014 ஜனவரியில் மேரி பாரா என்ற அம்மாள் தலைமை அதிகாரியாக வந்த கதையைச் சொன்னேன். அவருடைய தகப்பனார் அதே கம்பெனியின் பான்டியாக் தொழிற்சாலையில் முப்பத்தொன்பது வருஷம் அச்சு செய்யும் தொழிலாளியாக இருந்தவர் என்பதையும் சொன்னேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. "அது 2014. நான் கேட்டது அப்போது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இந்த வயதில் வக்கீலுக்குரிய லட்சணமெல்லாம் வந்துவிட்டது.

அதற்கு மறு நாள்தான் சோப்பு களவு போயிற்று.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். கையில் பழைய பழக்கத்தி. மடியில் சோப்புத் தூள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் 4.3 மீட்டரை 43-ஆல் வகுத்து, 10 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறது. ஆங்கிலேயர்களின் விளையாட்டு ரயிலிலிருந்து வந்த அளவு இந்த நாற்பத்துமூன்று. அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று அவர்கள் வைத்த கணக்கு. அவள் அதற்காக எடுக்கவில்லை. மிச்சமில்லாமல் வகுபடுகிறதே என்று எடுத்திருக்கிறாள். நோட்டுக்கு மேலே ஒரு பழைய புகைப்படம். எங்கள் வீட்டு அம்பாஸிடர்.

அந்தக் காரை என் தகப்பனார் பத்தொன்பது வருஷம் ஓட்டினார். 2007-ல், எனக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டியிருந்த ஜூன் மாதத்தில், விற்றார். வாங்கினவர் ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா வாசலுக்கு வரவில்லை. அதற்கப்புறம் அந்தக் காரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசுவதில்லை. அந்தப் புகைப்படம் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது. சிறுமிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

சோப்பு வழுக்கும், ஓரம் உதிரும். இருந்தாலும் முதுகின் வளைவு வந்துவிட்டது. டிக்கியும் வந்துவிட்டது. முன் பக்கந்தான் கொஞ்சம் சப்பையாயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செருப்புச் சத்தம். அப்பா, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற அப்பா, மூச்சு வாங்க வந்து நின்றார். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு சோப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பானெட் இன்னும் உருண்டையாக வரணும்" என்றார். "விளக்கு இரண்டும் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. இடது மட்கார்டிலே ஒரு நசுங்கல் இருந்தது. உன் அப்பன் சைக்கிளைச் சாய்த்து வைத்தது. அதையும் போடு."

சிறுமி கத்தியின் மழுங்கின பக்கத்தால் இடது மட்கார்டை அமுக்கினாள். தாத்தா குனிந்து, "அவ்வளவு பெரிசில்லை" என்றார்.