மின்னஞ்சலின் சாவி யார் கையில்?

நம் வணிகர்களில் பலர் இன்று கடைப் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்திருக்கிறோம். ஆர்டர், பில், வரித்துறை நோட்டீஸ் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஆனால் அதன் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல் பல கடைகளில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஊழியரிடம் மட்டுமே இருக்கிறது. கல்லாப்பெட்டிச் சாவியை இப்படிக் கொடுப்போமா?

முகவரி தொடங்குவதும், நீக்குவதும், வரும் கடிதத்தை வேறிடத்துக்குத் திருப்புவதும் அந்தப் பக்கத்திலிருந்தே நடக்கும். நீக்கிய கணக்கைக் கூகுள் சேவையில் 20 நாட்களுக்குள்ளும், மைக்ரோசாஃப்ட் சேவையில் 30 நாட்களுக்குள்ளும் மட்டுமே மீட்க முடியும்.

ஆகவே முழு அதிகாரம் முதலாளியிடமும், நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு அவசியம். ஊழியர் விலகினால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுவோம். கடிதங்களைப் பிரதி எடுத்த பிறகே கணக்கை நீக்குவோம். சம்பளம் கொடுப்பது நாம்; சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.