குதிரைவாலி எடையைக் குறைக்காது, அளவுதான் குறைக்கும்

விக்கிறவனே இப்படிச் சொல்லலாமான்னு பக்கத்துக் காட்டுக்காரர் கேக்கிறார். சொல்லித்தான் ஆகணும். எங்க கரிசக் காட்டுல விளையுற குதிரைவாலியை, உடம்பு இளைக்கும்னு மட்டும் நம்பி வாங்காதீங்க.

கணக்கைப் பாருங்க. 100 கிராம் அரிசியில ஏறக்குறைய 350 கலோரி. திணை, சாமை, வரகு, குதிரைவாலி எதை எடுத்தாலும் 300க்கு மேலதான் இருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை. அரிசிச் சோறு மூணு கரண்டி சாப்பிட்டவர் குதிரைவாலிச் சோறும் மூணு கரண்டி சாப்பிட்டா எடை எப்படிக் குறையும்? அதுலயும் நெய்யும் முந்திரியும் போட்டுப் பொங்கலாக்கினா கேக்கவே வேண்டாம். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. சிறுதானிய முறுக்கு, சிறுதானிய பிஸ்கட்னு பாக்கெட்ல எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிற எண்ணெயும் சர்க்கரையும் அதேதான்.

"அந்தக் காலத்து ஆளுங்க கம்பும் சோளமும் தின்னு ஒல்லியா இருந்தாங்களே"ன்னு கேப்பீங்க. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஏர் ஓட்டினாங்க, களை வெட்டினாங்க, கமலை இறைச்சாங்க. கம்மங்கூழ் ஒரு செம்பு குடிச்சா அதுல பாதிக்கு மேல தண்ணி. மழை பொய்ச்ச வருசத்துல அதுவும் அரை வயித்துக்குத்தான். அந்த உடம்பைப் பாத்து தானியத்துக்குப் பெருமை கொடுக்கிறது சரியில்லை.

அப்ப என்ன சாப்பிட்டாலும் ஒண்ணுதானா? அதுவும் இல்லை. எதைச் சாப்பிடுறோம்ங்கிறது, எவ்வளவு சாப்பிடுவோம்ங்கிறதை மாத்திடும். 2019ல அமெரிக்காவுல 20 பேரைத் தங்க வச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. ரெண்டு வாரம் ஆலையில தயாரான பாக்கெட் சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரணமாச் சமைச்ச சாப்பாடு. வேணும்ங்கிற அளவு சாப்பிடலாம். பாக்கெட் சாப்பாட்டு நாள்ல ஒவ்வொருத்தரும் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாச் சாப்பிட்டு, எடையும் ஏறிட்டாங்க. மத்த ரெண்டு வாரத்துல எடை இறங்கிருச்சு.

சிறுதானியத்தோட பலனும் இந்த வழியிலதான் வரணும். தவிடு போகாத தானியத்துல நார்ச்சத்து இருக்கு. மெதுவா மெல்லணும், வயிறு சீக்கிரம் நிறையும். ஆனா டவுன்ல எல்லாரும் வெள்ளையா இருக்கணும்னு கேக்கிறாங்க. மில்லுல திரும்பத் திரும்பத் தீட்டி வெளுக்க வச்சா நார் தவிட்டோட போயிடுது. கொஞ்சம் பழுப்பா இருக்கிறதைக் கேட்டு வாங்குங்க.

தட்டுல சோறு கால் பங்கு போதும். இன்னொரு கால் பங்கு பருப்பு, தட்டப்பயறு, கொள்ளு, முட்டை, மீன்னு ஏதாவது புரதம். மீதிப் பாதி கீரையும் காயும். புரதம் பசி தாங்கும். சாப்பாட்டைக் குறைக்கிறப்ப சதை கரையாமலும் காக்கும். எண்ணெயைக் கரண்டியால அளந்து ஊத்துங்க. சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம சாப்பாட்டைக் குறைக்கவேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்றதுல என் பிழைப்பும் இருக்கு. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்ப எல்லாரும் தேடி வாங்கினாங்க. இளைக்கும்னு நம்பி வாங்கினவங்க மூணு மாசத்துல ஒரு கிலோகூடக் குறையலைன்னா அடுத்து வேற ஒண்ணுக்குப் போயிடுவாங்க. அவங்களை நம்பி புரட்டாசியில விதைச்சவன் தை மாசம் மூட்டையை வீட்டுல அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்.

குதிரைவாலி மானாவாரியில, வானம் பாத்து விளையுற பயிர். ருசி இருக்கு, சத்து இருக்கு. அதுக்காக வாங்குங்க, வாரத்துல ரெண்டு நாள் ஆக்குங்க, வருசம் பூராவும் சாப்பிடுங்க. எடை குறையணும்னா கரண்டியை எண்ணுங்க.