சின்னப்பம்பட்டிக்கு வராத பங்கு

இந்த வாரம் இந்தப் பத்திக்குக் கோபமூட்டியது ஆஸ்திரேலியாவின் ஒரு தடை உத்தரவு. இங்கிலாந்தின் முன்னாள் ரக்பி வீரர் மைக் டிண்டால் உள்ளிட்ட ஒரு குழு, ஆர்360 என்ற பெயரில் பணக்காரப் போட்டி ஒன்றைத் தொடங்கக் கிளம்பியது. ஆஸ்திரேலிய ரக்பி லீக் கிளப்களின் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களுக்கு ஆசை காட்டியது. அந்த லீக்கின் நிர்வாகம் 2025 அக்டோபரில் பதில் சொன்னது: அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு இங்கே காலடி வைக்கக் கூடாது. புதிய போட்டி 2028-க்குத் தள்ளிப்போய்விட்டது. கூடுதல் சம்பளம் கேட்டவனுக்குப் 10 ஆண்டுத் தண்டனை என்ற மனப்போக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உறுத்தக் காரணம், அந்த ஆட்டம் பிறந்த கதை. 1895 ஆகஸ்ட் 29 அன்று, வடக்கு இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டல் என்ற விடுதியில் 20-க்கும் மேற்பட்ட கிளப்களின் நிர்வாகிகள் கூடினார்கள். அவர்களுடைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பஞ்சாலையிலும் கம்பளி ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை மட்டுமாவது கொடுக்க அனுமதியுங்கள் என்று கிளப்கள் கேட்டன. லண்டனைப் பிடித்து வைத்திருந்த கனவான்களின் சங்கம் மறுத்தது. காசுக்காக ஆடுவது கேவலம் என்றது. கூடியவர்கள் தனியே பிரிந்தார்கள். ஆலைத் தொழிலாளியின் அரை நாள் கூலிக்காகப் பிறந்ததுதான் ரக்பி லீக். அப்படிப் பிறந்த ஆட்டம், இன்று காசு கேட்கிற ஆட்டக்காரனைக் குற்றவாளியாகப் பார்க்கிறது.

கிளப்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினைந்து வயதில் பிடித்து, சோறு போட்டு, அடிபட்டால் வைத்தியம் பார்த்து, ஆறேழு வருடம் பழக்கிய பையனை வேறொருவர் ஒரே கையெழுத்தில் தூக்கிக்கொண்டு போனால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலுக்கு ஆட்டக்காரனைத் தண்டிப்பது மருந்தாகாது. மருந்தை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2001-லேயே எழுதி வைத்துவிட்டது. ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். இளம் வயதில் போகிறவருக்குப் பயிற்சிச் செலவுக்கான ஈடு தனி. பையன் தடையில்லாமல் போகலாம், வளர்த்தவர்களுக்கும் அவர்கள் பங்கு வந்து சேரும்.

கிரிக்கெட்டில்கூட இதன் சாயல் உண்டு. ஐபிஎல் ஏலத்தில் ஓர் ஆஸ்திரேலியரோ தென்னாப்பிரிக்கரோ விலைபோனால், அவருடைய நாட்டு வாரியத்துக்கு ஒரு பங்கு போகிறது. மெல்போர்னுக்குப் போகிற பங்கு சின்னப்பம்பட்டிக்கு வருவதில்லை.

சேலம் மாவட்டத்தின் மேற்கே, எடப்பாடி–தாரமங்கலம் பக்கத்தில் இருக்கிறது சின்னப்பம்பட்டி. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜனின் ஊர். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் அவரை 10.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஃபிஃபா கணக்கில் 5 சதவீதம் என்றால் 53,75,000 ரூபாய். அவரை வளர்த்த டென்னிஸ் பந்து அணிக்கு எந்த விதிப்படியும் ஒரு ரூபாய்கூட உரிமை கிடையாது. நாமக்கல்லில் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சைக்கூடப் பொரிப்பகத்தில் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதன் பழைய ஆதங்கம் ஒன்று தெரியும். இந்த வாரமும் அதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். நடராஜனைப் பற்றி எழுதுகிற எவரும் தறித் தொழிலாளியான அப்பாவையும் சாலையோரம் கடை போட்ட அம்மாவையும் சொல்லிக் கண் கலங்க வைத்துவிட்டு, நேராக பிரிஸ்பேன் மைதானத்துக்குத் தாவிவிடுகிறார்கள். வறுமை பந்து வீசக் கற்றுத் தருவதில்லை. அதே வறுமையில் அதே ஊரில் இன்னும் நூறு பையன்கள் இருந்தார்கள். நடராஜனை வேறாக்கியது வறுமை அல்ல, ஓர் ஆள். ஏ. ஜெயப்பிரகாஷ். அதே ஊர்க்காரர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தைத் தவிர வேறு பந்தைச் சரியாகத் தொடாத பையனைச் சென்னைக்குக் கூட்டிப்போனவர். 2010–11இல் சென்னை நான்காம் டிவிஷன் லீக்கில் பிஎஸ்என்எல் அணி, அடுத்து விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறியதன் தொடக்கம் அங்கேதான். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கிய கையோடு பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. மணிக்கட்டையும் தோளையும் திருத்திக்கொண்டு அதிலிருந்து மீண்டார். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல் அணிக்காக சூப்பர் ஓவரில் யார்க்கராகப் போட்டார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4 அன்று டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். இவ்வளவுக்கும் நடுவில் அவர் சட்டையில் எழுதிக்கொண்ட பெயர் ‘ஜேபி நட்டு’. ஜேபி என்பது ஜெயப்பிரகாஷ். நன்றியை அவரே முதுகில் எழுதிக் காட்டிய பிறகும், எழுதுகிறவர்கள் கண்ணில் அது படவில்லை.

அந்த யார்க்கருக்கும் ஊர் அணிதான் காரணம். டென்னிஸ் பந்து அதிகம் ஸ்விங் ஆகாது. கொஞ்சம் எழும்பினால் போதும், காட்டு அடி அடிக்கிறவன் ஏரிக்கரையைத் தாண்டி அனுப்பிவிடுவான். கடலைக் காடு பிடுங்கிய நிலத்தில் தண்ணீர் தெளித்து, மட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய பிட்ச். எட்டு ஓவர் மேட்ச். அங்கே பிழைக்க ஒரே வழி, பந்தை அடிப்பவனின் பாதத்தில் இறக்குவது. ஆயிரம் தடவை இறக்கிப் பழகிய கைக்கு லெதர் பந்து வந்தபோது உலகம் வியந்தது.

இந்த இடத்தில், நடராஜன்களை இழந்து ஊர் அணிகள் அழுகின்றன என்று எழுதி முடித்துவிடலாம். அது உண்மை இல்லை. 2021 ஜனவரியில் ஊர் திரும்பியவரைக் குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றிச் சின்னப்பம்பட்டியே ஊர்வலம் விட்டது. ஐபிஎல்லுக்கு ஒருவன் போனால் எந்த அணியும் அழுவதில்லை, ஊர் எல்லையில் ஃபிளக்ஸ் வைக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் கிரிக்கெட் அணியோ கபடிக் குழுவோ நடத்துகிற அண்ணன்மாரிடம் உட்கார்ந்து பேசினால், அவர்கள் புலம்புவது வேறு ஆட்களைப் பற்றி. எந்த லீக்கும் எடுக்காத, எந்தச் செய்தியிலும் வராத பையன்களைப் பற்றி.

பொங்கலுக்கு முந்தைய வாரம் எந்த அணித் தலைவரின் போனை எடுத்துப் பார்த்தாலும் ஒரே மாதிரியான உரையாடல்தான் இருக்கும். என்ட்ரி பீஸ் கட்டியாச்சு, மேட்ச் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என்று இவர் அனுப்பியிருப்பார். “ண்ணா, தறிக்கு ஆள் இல்லீங்ணா, ஓனரு விட மாட்டேங்கறாரு” என்று பதில் வந்திருக்கும். இளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறி ஷிப்டில்தான் ஓடுகிறது. ஷிப்டு போனால் கூலி போச்சு. ஹடர்ஸ்ஃபீல்டு விடுதியில் 1895-இல் பேசிய அதே கணக்கு இன்னும் இங்கே தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

அடுத்த பறிப்பு திருச்செங்கோட்டிலிருந்து. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போனால் திரும்ப மாதங்கள் ஆகும். ரிக்கில் பைப் தூக்க எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? அகன்ற தோள், அசையாத கால், இரும்புப் பிடி. கபடியில் கார்னரில் நிற்கிற பையனின் உடம்பும் அதுதான். ஐம்பத்தைந்து கிலோ எடைப் பிரிவில் கணுக்காலைப் பிடித்தால் விடாதவன் என்று பெயர் எடுத்தவன், பதினெட்டு முடிந்ததும் ரிக் ஏறிவிடுகிறான். வருடத்துக்கு ஒருமுறை மாரியம்மன் பண்டிகைக்கு வருகிறவனை வைத்து எந்த அணியை நடத்துவது?

இதையெல்லாம்விடப் பெரிய பறிப்பு ஒன்று உண்டு. இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை விளையாட்டுப் பக்கத்தில் எழுதுவதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் தமிழ்நாடு முழுக்கப் பெயர் வாங்கியது முட்டைக்கும் லாரிக்கும் மட்டுமல்ல, மார்க்குக்கும்தான். வேறு மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் விட்டுப் போகிற பெற்றோர்கள் எத்தனை! முன்பு பிளஸ் டூ மார்க், இப்போது நீட். விடியற்காலையில் எழுப்பிப் படிப்பு, ராத்திரி தூங்கும்வரை படிப்பு. நேர அட்டவணையில் பி.டி. பீரியட் என்று எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குள் இயற்பியல் ஆசிரியர் நுழைந்திருப்பார். பதினொன்றாம் வகுப்புப் பையன் இரண்டு வருடம் மைதானத்தை ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கிறான்.

வேகப்பந்து வீச்சாளருக்கும் கபடி ரெய்டருக்கும் உடம்பு திரண்டு வருகிற வயது பதினாறு, பதினேழு. நுணுக்கம் கையில் படிகிற வயதும் அதுவே. அந்த இரண்டு வருடம் போனால் திரும்ப வராது. உலகத்தில் பணக்கார லீக்குகள் வளர்ந்த ஆட்டக்காரனைத்தான் பறிக்கின்றன. நம் சமவெளியில் மார்க் போட்டி வளர்கிற பையனையே பறித்துவிடுகிறது. இதில் பெற்றோரைக் குறை சொல்ல இந்தப் பத்திக்கு மனம் இல்லை. பிள்ளை டாக்டரானால் குடும்பம் மேலே வரும் என்பது கண்ணெதிரே நடந்த உண்மை. கபடி ஆடினால் மேலே வரும் என்பதற்கு அவர்கள் தெருவில் சாட்சி இருக்கிறதா?

ஒரு காலத்தில் இருந்தது. ரயில்வே, மின்வாரியம், போலீஸ், வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் அணி இருந்தது. தூத்துக்குடிச் சீமையின் மணத்தி கணேசன் காகித ஆலை அணியில் ஆடி, மின்வாரிய அணிக்குப் போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அர்ஜுனா விருது வாங்கியவர். 2025-இல் வந்த ‘பைசன்’ படம் பிறந்தது அவர் வாழ்க்கையிலிருந்து. ஊர்க் குழுவிடமிருந்து ஆளைப் பறித்தவை அந்தத் துறை அணிகளும்தான். ஆனால் அவை மாதச் சம்பளமும் பென்ஷனும் கொடுத்தன. அந்த ஆள் பண்டிகைக்கு ஊர் வந்து, சின்னப் பையன்களுக்கு ரெய்டு போகக் கற்றுக்கொடுத்தார். அப்பாமார்களும் அதைப் பார்த்துப் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பினார்கள்.

2014-இல் புரோ கபடி வந்தது. பணம் பெரிதானது, மண் தரைக்குப் பதில் மேட் வந்தது, டிவி வந்தது. சேலம் மாவட்டத்தின் கே. பிரபஞ்சன் 2017-இல் தமிழ் தலைவாஸ், 2018-இல் குஜராத், 2019-இல் பெங்கால் என்று ஆடினார். திறமையானவனுக்கு இது கிடைத்தே ஆக வேண்டும். அதே நேரத்தில், ஒவ்வோர் ஏலத்திலும் ஒவ்வோர் ஊருக்கு மாறுகிற பிழைப்பில், முழங்கால் தசைநார் ஒரு தடவை கிழிந்தால் அடுத்த சீசன் கேள்விக்குறி. எந்த அப்பாவும் அதை மின்வாரிய வேலைக்குச் சமமாக எண்ண மாட்டார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது பதக்கம் வாங்கியவனுக்கு. பதினாறு வயதில் பதக்கத்துக்கு இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருப்பவனுக்கு எதுவும் இல்லை.

இத்தனைக்கும் ஊரிலேயே வழி செய்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சின்னப்பம்பட்டியே சாட்சி. 2017-இல் கைக்கு வந்த பணத்தில் நடராஜனும் ஜெயப்பிரகாஷும் ஊரில் பயிற்சி மையம் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில், அங்கே பழகிய ஜி. பெரியசாமி 2019 டிஎன்பிஎல்லில் சேப்பாக் அணிக்காக 21 விக்கெட் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் மட்டும் 15 ரன்னுக்கு 5 விக்கெட். தொடரின் சிறந்த வீரரும் அவரே. 2023 ஜூனில் நடராஜன் அங்கே சொந்த மைதானமும் கட்டித் திறந்தார். வாரியம் அனுப்பாத பங்கை ஒரு தனி மனிதர் தன் மடியிலிருந்து கொடுத்தார். அவருக்கு அந்த மனசு இல்லாமல் போயிருந்தால்?

மனசை நம்பாமல் விதியாக எழுதச் சொல்வதுதான் இந்தப் பத்தியின் கோரிக்கை. டிஎன்பிஎல், புரோ கபடி இரண்டின் பதிவுப் படிவத்திலும் ‘முதல் அணி’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் சிறு சதவீதம், ஆட்டக்காரரின் பையிலிருந்து அல்லாமல் அணி உரிமையாளரின் பையிலிருந்து, அந்தக் கட்டத்தில் எழுதிய குழுவுக்குப் போக வேண்டும். மாவட்டச் சங்கத்தில் பதிவுசெய்து, வங்கிக் கணக்கும் வரவு செலவும் காட்டுகிற குழுவாக இருந்தால் போதும்.

அந்தப் பணத்தில் முதல் செலவு பேட்டோ மேட்டோ அல்ல. அரசின் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பேட்டும் பந்தும் வந்துகொண்டிருக்கின்றன. ஞாயிறு மேட்சுக்கு வருகிற தறிப் பையனுக்கு அன்றைய ஷிப்டுக் கூலி முதலில் கொடுக்க வேண்டும். மீதி இருந்தால், மாலை ஐந்து மணிக்கு விடுதிப் பையன்களுக்கு ஒரு மணி நேரம் பந்து போடப் பழக்குகிற அண்ணனுக்கு மாதச் சம்பளம். அதற்கு முன்னதாக, சேலம், நாமக்கல் கல்வி அலுவலர்கள் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: எந்தெந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பின் பி.டி. பீரியடில் கதவு திறக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துப் பட்டியல் வெளியிடுவது.