கப்பலைக் காப்பவர் யார்?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுகம் உண்டு. அங்குள்ள கப்பற் காட்சிசாலையில் பழைய யுத்தக் கப்பல் ஒன்று இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி. ஆங்கிலேயர் நாவில் திருகோணமலை அடைந்த உருவம் அது. ஆனால் அந்தக் கப்பல் பிறந்த இடம் இங்கிலாந்து அன்று, நமது பம்பாய். வாடியா வம்சத்தைச் சேர்ந்த ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி என்ற பார்சி கனவானின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டு, 1817-ம் வருஷம் அக்டோபர் மாதம் நீரில் இறக்கப்பட்டது. நெப்போலியனோடு போர் நடந்த காலத்தில் உத்தரவிடப்பட்ட கப்பல், போர் முடிந்த பிறகே தயாராயிற்று. ஆகவே பல வருஷங்கள் வேலையின்றிக் கட்டுத்துறையில் கிடந்தது. பிறகு சேவை செய்து, 1897-ல் உடைப்பதற்கென்றே விற்கப்பட்டது. வீட்லி காப் என்ற தனி மனிதர் ஒருவர் அதை மீட்டுச் சிறுவர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்கும் கப்பலாக்கினார். 1990 முதல் 2001 வரை பதினொரு வருஷம் அதைச் செப்பனிட்டார்கள். பம்பாய்த் தச்சர்கள் பொருத்திய தேக்கில் பெரும்பகுதி இன்றும் அதில் இருக்கிறது.

இனி மற்றொரு கப்பலின் கதையைக் கேளுங்கள். 1945-ல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்டு, அரைகுறையாகக் கிடந்து, 1957-ல் சுதந்திர இந்தியாவினால் வாங்கப்பட்டு, 1961-ல் விக்ராந்த் என்ற நாமத்துடன் நமது கடற்படையில் சேர்ந்த விமானந் தாங்கிக் கப்பல் அது. 1971-ம் வருஷ யுத்தத்தில் வங்காள விரிகுடாவில் நின்று, சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைகளின்மீது தன் விமானங்களை ஏவிற்று. 1997 ஜனவரியில் ஓய்வு பெற்றது. 2001 முதல் மும்பையில் காட்சிசாலையாக நின்று, ‘பத்திரமில்லை’ என்ற காரணத்தால் 2012-ல் ஜனங்களுக்கு மூடப்பட்டது. 2014-ல் ஏறக்குறைய 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அவ்வருஷம் நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகி 2016-ல் விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் கட்டிய கப்பலை இங்கிலாந்து காத்தது; இங்கிலாந்தில் கட்டிய கப்பலை இந்தியா உடைத்தது. இதைச் சொல்லும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஆங்கிலேயர் ஏதோ பிறவியிலேயே பழம்பொருளைப் போற்றுகிறவர்கள், நாம் அப்படியல்ல என்று முடிவு கட்டுவது தவறு. அந்த டிரிங்கோமலிக்குப் பக்கத்திலேயே போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இம்ப்ளாகபிள் என்ற கப்பலும் கட்டப்பட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் கட்டி, டிரபால்கர் யுத்தத்தில் கலந்து, சில நாட்களுக்குள் ஆங்கிலேயரிடம் சிக்கிய கப்பல். உலக யுத்தம் முடிந்து கஜானா வறண்டிருந்த இங்கிலாந்தில் அதைச் செப்பனிடப் பணம் தர எவரும் முன்வரவில்லை. 1949 டிசம்பரில் ஆங்கிலேயக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் பறக்க அதைக் கடலுக்கு இழுத்துச் சென்று வெடிவைத்து மூழ்கடித்தார்கள். பின்பக்கத்துச் சித்திர வேலைப்பாட்டைக் கழற்றிக் கிரீனிச் கடல்சார் காட்சிசாலையில் வைத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1979-ல், உலகக் கப்பல் அறக்கட்டளை தோன்றியபோது, ‘இம்ப்ளாகபிளுக்கு நேர்ந்தது இனியொரு முறை நேரக்கூடாது’ என்பதையே தன் கோஷமாகக் கொண்டது. அவர்கள் ஒரு கப்பலை இழந்து பாடம் கற்றார்கள். நாம் விக்ராந்தை இழந்து என்ன கற்றோம்?

ஒன்றும் கற்கவில்லை என்பதற்கு விராட் சாட்சி. 1987 முதல் நம்மிடம் சேவை செய்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது அது. மகாராஷ்டிர மந்திரிசபை 2018-ல் 852 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்குச் சம்மதம் கொடுத்தது. திட்டம் காகிதத்தில் இருந்தது. கப்பல் 2020-ல் குஜராத்திலுள்ள அலாங் கரைக்குப் போயிற்று. உடைக்கும் வேலை தொடங்கிய பின்னர் சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரியில் தடை விதித்தது. ஏப்ரலில் மனுவைத் தள்ளிவிட்டது. அதற்குள் கப்பலில் கணிசமான பாகம் அறுபட்டிருந்தது.

விக்ராந்துக்காகவும் கோர்ட்டேறினார்கள். பயனில்லை. நீதிபதிகளைக் குறை கூறுவார் உளர். நாமும் கறுப்பு அங்கி அணிந்து வாதாடியவர்களாதலால் ஒன்று சொல்வோம்: சட்டத்தில் இல்லாததை நீதிபதி எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? 1958-ம் வருஷத்துப் புராதனச் சின்னங்கள் சட்டம் நூறு வருஷத்துக்குக் குறையாத பழமையைக் கேட்கிறது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருட் சட்டமும், கையெழுத்துப் பிரதி போன்ற சிலவற்றுக்குச் சலுகை தந்தாலும், பொதுவாக நூறு வருஷமே கேட்கிறது. கல்லுக்கு அந்தக் கணக்குச் சரி. கடலில் நிற்கும் இரும்பு நூறு வருஷம் காத்திருக்குமா? பிரிட்டனில் சரித்திரக் கப்பல்களுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் கடந்த கப்பல் அதில் இடம் பெறலாம். பதிவு பெறுவதால் மட்டும் சட்டப் பாதுகாப்புக் கிட்டிவிடாது என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் எந்தக் கப்பல் எங்கே எந்த நிலையில் இருக்கிறது, எதற்கு முதலில் பணம் ஒதுக்கவேண்டும் என்பதாவது தெரிகிறது. நம்மிடம் அத்தகைய பதிவேடு இருந்திருந்தால் 1995-லேயே விக்ராந்த் அதில் ஏறியிருக்கும்.

கப்பலைக் காப்பது கோயில் மண்டபத்தைக் காப்பது போன்றதன்று. மண்டபம் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும். கப்பலோ தண்ணீர் தாங்குமென்று கட்டப்பட்ட பொருள். கரையில் ஏற்றினால் அதன் எடையே அதை வளைத்துவிடும். தண்ணீரில் விட்டால் உப்பும் துருவும் தின்னும். மரக்கப்பலுக்குக் கடல்நீரைவிட மழைநீரே பெரிய பகை. மேல்தளத்தில் ஊறி உள்ளிருந்து அழுகச் செய்யும். நெல்சன் ஏறிய விக்டரி 1922 முதல் நீர் இறைத்த உலர்துறையில் நிற்கிறது. அதற்கும் ஓயாமல் மராமத்துச் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஸ்வீடனில் 1628-ல் மூழ்கிய வாசா என்ற கப்பலை 1961-ல் மேலே எடுத்தார்கள். உலர்ந்து வெடிக்காமலிருக்க அதன் மரத்தின்மீது பதினேழு வருஷம் மருந்துக் கரைசலைத் தெளித்தார்கள். பதினேழு வருஷம்! நம் மந்திரிசபைகளின் ஆயுள் எத்தனை வருஷம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆகையால் திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குவது காரியமன்று. வருஷந்தோறும் பெயிண்டுக்கும் தகட்டுக்கும் ஆளுக்கும் எங்கிருந்து பணம் வரும் என்பதை, கப்பலின் கொடி இறங்குமுன்பே தீர்மானிக்கவேண்டும். கொடி இறங்கிய பின் யோசித்தால் ஏலக்காரனே தீர்மானிப்பான். விக்ராந்த் விஷயத்தில் கடற்படையும் மாகாண சர்க்காரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது துரு மாத்திரம் தன் வேலையைத் தவறாமல் செய்துவந்தது.

எல்லாக் கப்பலையும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ள வேண்டியதுமில்லை. சிறியதைத் தேர்ந்து நன்றாக வைத்துக்கொள்வது சிலாக்கியம். விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் காட்சிசாலையாக நிற்கிறது. நகர வளர்ச்சி நிர்வாகம் சீட்டு விற்று நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் குனிந்து உள்ளே நுழைந்து, மாலுமி படுத்த பலகை எத்தனை குறுகியது என்று கண்ணால் காண்கிறார்கள். கார்வாரில் சபல் என்ற ஏவுகணைப் படகு அவ்வாறே நிற்கிறது. நமது மாமல்லபுரத்துக்கும் வாக்லி என்ற நீர்மூழ்கி வருமென்று சொன்னார்கள். 2010-ல் ஓய்வு பெற்ற அந்தக் கப்பல் வந்து சேரவில்லை. துறைமுக நகரமாகப் பெயர் பெற்ற ஊரில் அதற்கு ஓர் இடம் கிடைக்காமற் போனதற்கு யார் பொறுப்பு என்று சட்டசபையில் கேட்கவேண்டியவர்கள் கேட்கட்டும்.

யுத்தக் கப்பலையே பேசிக்கொண்டிருப்பதும் சரியன்று. பாய் விரித்துக் கொழும்புக்கு ஓடிய தூத்துக்குடித் தோணியும் சரித்திரந்தான். அதே தூத்துக்குடியில் 1906-ல் சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் கைமாறிப் போயின. அன்று நாடு நம் கையில் இல்லை. மரக்கலம் கட்டும் கைகள் இன்னும் கேரளத்துப் பேப்பூரில் வேலை செய்கின்றன. அவர்களையே அழைத்து, பழைய முறையில் கட்டிய தோணி ஒன்றைச் செப்பனிட்டுக் கூரையின்கீழ் நிறுத்தினால் விமானந் தாங்கிக் கப்பலுக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

லோதலில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் எழுந்து வருகிறது. நல்ல காரியம். ஆனால் கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையோடு, நிஜக் கப்பல்களைப் பேணுவதற்கென்று தனி நிதியும், நூறு வருஷ நிபந்தனையைக் கப்பலுக்குத் தளர்த்தும் சட்டத் திருத்தமும் கூடவே வரவேண்டும். விக்ராந்த் என்ற பெயர் 2022-ல் கொச்சியில் கட்டிய புதுக் கப்பலுக்குச் சூட்டப்பட்டது. அதனோடு இன்று கடலில் இருக்கும் மற்றொரு விமானந் தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யா 1987-ல் சோவியத் கடற்படையில் சேர்ந்தது. 2013-ல் நம்மிடம் வந்தது. அதுவும் ஒருநாள் ஓய்வு பெறும். அன்று அதை என்ன செய்வதாக உத்தேசம் என்ற கேள்வியைப் பார்லிமெண்டில் நமது பிரதிநிதிகள் இப்பொழுதே எழுப்பி, எழுத்தில் பதில் பெறவேண்டும்.